நாலு கதவு பெல் ஏர்

பழைய அமெரிக்க கார் என்றதும் உங்க மனசுல என்ன படம் வருது? சிவப்பு கலர், ரெண்டே கதவு, திறந்த கூரை, பின்னாடி மீன் செதில் மாதிரி தூக்கிட்டு நிக்கற ரெக்கை, ஓட்டறவர் கழுத்துல ஸ்கார்ஃப். எனக்கும் அப்படித்தான் இருந்தது, மிச்சிகன் வந்து சேர்ற வரைக்கும். ஆனா ஐம்பதுகள்ல இந்த ஊர் ஜனங்க சர்ச்சுக்கும், மளிகைக் கடைக்கும், பாட்டி வீட்டுக்கும் போனது அந்த மாதிரி கார்ல இல்லை. நாலு கதவு செடான்ல. முன்னாடி ஒரு பெஞ்சு, பின்னாடி ஒரு பெஞ்சு, அதுல அடைச்சு வச்ச அஞ்சாறு டிக்கெட். இன்னிக்கு பழைய கார் சந்தையில் அந்த நாலு கதவு வண்டிக்குத்தான் மரியாதையே கிடையாது.

சும்மா சொல்லலைங்க. இங்கே பழைய கார் பிரியர்கள் நாலு கதவு வண்டியைக் கிண்டலா 'மோர் டோர்'னு சொல்வாங்க. எக்ஸ்ட்ரா கதவாம்! அதே வருஷம், அதே கம்பெனி, அதே முகம். ஆனா ரெண்டு கதவு இருந்தா ஒரு விலை, நாலு கதவு இருந்தா அதுல பாதி கூடத் தேறாது. அதைவிடக் கொடுமை, ரெண்டு கதவு வண்டியைப் புதுப்பிக்கறவங்க நாலு கதவு வண்டியை வாங்கி அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு, பம்பரையும் முன் மூஞ்சியையும் மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் காயலான் கடைக்கு அனுப்பிடுவாங்க. வீட்டுக்கு உழைச்சுப் போட்ட அக்காவோட நகையைக் கழட்டி தங்கச்சிக்குப் போட்டு மேடை ஏத்தற மாதிரி.

நான் சொல்லப் போறது அப்படி ஒரு அக்காவைப் பத்தி. 1957 ஷெவர்லே பெல் ஏர், நாலு கதவு செடான். எங்க பக்கத்து வீட்டுப் பெரியவரோடது.

பெரியவருக்கு எழுபது தாண்டியாச்சு. 'டூல் அண்ட் டை' தொழிலாளியா நாற்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். தகரத்தை அமுக்கி கார் கதவா மாத்தற அச்சு இருக்கு பாருங்க, அதைச் செதுக்கற வேலை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பானாலும் முகம் சுளிக்கிற ஜாதி. அவரோட அப்பா ஃபிளின்ட் நகரத்து தொழிற்சாலையில் அசெம்பிளி லைன்ல இருந்தவர். 1957-ல், முப்பது வயசுல, புதுசா வாங்கின கார் இது. அப்போ அதோட விலை சுமார் 2,300 டாலர். தான் முடுக்கற வண்டியைத் தானே வாங்க முடிஞ்ச காலம். (அந்தக் கதையை ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது, விடுங்க.)

கலர் என்னன்னு கேட்டீங்கன்னா, உடம்பு 'லார்க்ஸ்பர் ப்ளூ', கூரை 'இந்தியா ஐவரி'. ஆமாங்க, கம்பெனி பட்டியல்லயே அந்த வெள்ளைக்குப் பேரு அதுதான். இந்தியன் ஒருத்தன் பக்கத்து வீட்டுக்குக் குடி வந்த அன்னிக்கே பெரியவர் என்னை கராஜுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினது கூரையைத்தான். "உங்க ஊர் கலர்"னார். அழுக்கு வெள்ளை. எங்க ஊர்ல பொங்கலுக்கு முன்னாடி சுவர் அந்தக் கலர்லதான் இருக்கும், உண்மைதான் :-)

அப்பா அந்தக் காரை எழுபதுகளோட நடுவுல வரை ஓட்டியிருக்கார். அப்புறம் ஒரு பண்ணைக் கொட்டகையில் போய் நின்னது. நாற்பது வருஷத்துக்கு மேல. 2018-ல் அப்பா போனதும் கொட்டகையைத் திறந்து பார்த்தா, அடிப்பாகம் மொத்தமும் துரு. மிச்சிகன்ல பனிக்காலத்துல ரோட்டுல உப்பைக் கொட்டுவாங்க. டெட்ராய்ட் ஊருக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்குக் கீழே உப்புச் சுரங்கம் இருக்கு, அதனால் தாராளம். பனி உருகும், கார் கரையும். கால் வைக்கற தகரத்துல ஓட்டை. கதவுக்குக் கீழ்ப் பட்டை கையில் எடுத்தா அப்பளம். ஹெட்லைட்டுக்கு மேல புருவம் மாதிரி வளைஞ்சு வர்ற இடம் இருக்கே, அங்கேயும் அரிச்சிருந்தது.

2019-ல் வேலை ஆரம்பிச்சார். முதல்ல அவர் நினைச்சது, அப்படியே பழையபடி ஆக்கறதுதான். தொழிற்சாலையை விட்டு வந்த நாள்ல எப்படி இருந்ததோ அப்படி. அதே ஆறு சிலிண்டர் எஞ்சின், அதே ஸ்டீயரிங் கம்பத்துல மூணு கியர், அதே டிரம் பிரேக். ஒரு போல்ட்டு கூட மாத்தக் கூடாது. அச்சு செதுக்கறவருக்கு வேற எப்படித் தோணும்?

மாத்தினது அவரோட பொண்ணு.

அந்தம்மா ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவுல நர்ஸ். ராத்திரி ஷிஃப்ட்ல ஆம்புலன்ஸ்ல வர்றவங்களை முதல்ல பார்க்கற ஆள். ஒரு ஞாயித்துக்கிழமை கராஜ் வாசல்ல நாங்க மூணு பேரும் காபியோட நிக்கறோம். பெரியவர் பெருமையா, "அடுத்த வருஷம் இதுல என் பேத்தியை உட்கார வச்சு உட்வர்ட் அவென்யூ போவேன்"னார். பொண்ணு கப்பைக் கீழே வச்சுட்டு ரொம்ப சாதாரணமா சொன்னாங்க (அவங்க இங்கிலீஷை நம்ம தமிழ்ல எழுதறேன்): "அப்பா, என் பொண்ணு இந்தக் கார்ல ஏற மாட்டா. நீங்க தனியா போய்ட்டு வாங்க."

அப்புறம் ஃபோனை எடுத்து ஒரு வீடியோ காட்டினாங்க. கார் பைத்தியங்கள் பலர் பார்த்திருப்பீங்க. 2009-ல், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு, தன்னோட ஐம்பதாம் ஆண்டுக்காக ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு 1959 பெல் ஏர், ஒரு 2009 ஷெவர்லே மாலிபு. ரெண்டையும் ஆளுக்கு 40 மைல் வேகத்துல, மூஞ்சியோட பாதி மட்டும் மோதற மாதிரி நேருக்கு நேர் விட்டாங்க. எல்லாரும் என்ன நினைப்போம்? பழசு இரும்பு, கல்லு மாதிரி நிக்கும், புதுசு தகர டப்பா, நசுங்கிடும்னு. நடந்தது தலைகீழ். பழைய கார்ல ஆள் உட்கார்ற இடமே நொறுங்கி உள்ளே போயிடுச்சு. ஸ்டீயரிங் நேரா ஓட்டற பொம்மை மேல வந்துடுச்சு. உண்மையான மனுஷனா இருந்தா பிழைச்சிருக்க மாட்டார். மாலிபுவுல இருந்த பொம்மைக்குக் கால்ல மட்டும் லேசான அடி.

பெரியவர் விடுவாரா? "அது 59. அதோட சட்டம் எக்ஸ் மாதிரி நடுவுல குறுகி இருக்கும், பக்கவாட்டுல ஒண்ணும் கிடையாது. என்னோடது 57. ஏணி மாதிரி ரெண்டு பக்கமும் சட்டம் ஓடுது"ன்னார். அவர் சொன்ன தகவல் சரிதான். 1958-லிருந்து 64 வரைக்கும்தான் பெரிய ஷெவர்லேக்கு அந்த எக்ஸ் சட்டம்.

பொண்ணு அசரலை. "அத்தையோட பல்லு 59-லயா போச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

பெரியவர் வாயடைச்சுப் போயிட்டார். எனக்கு அந்தக் கதை அன்னிக்குத்தான் தெரியும்.

1962-ல் நடந்தது. பெரியவரோட தங்கச்சிக்கு அப்போ ஒன்பது வயசு. முன் பெஞ்சுல அப்பா, அம்மா, நடுவுல இந்தப் பொண்ணு. ஊருக்குள்ளே மெதுவாத்தான் போயிருக்காங்க. குறுக்கே ஒரு நாய். அப்பா பிரேக்கை அமுக்கினார், வலது கையைக் குறுக்கே நீட்டினார். நம்ம ஊர்லயும் அப்பா அம்மா எல்லாரும் செய்யறதுதானே, சடன் பிரேக் போட்டா கை தானா பக்கத்துல இருக்கற குழந்தை நெஞ்சுக்குப் போகும். அந்தக் கை போய்ச் சேர்றதுக்குள்ளே குழந்தையோட முகம் டேஷ்போர்டுக்குப் போயிடுச்சு. அந்தக் காலத்துல நிறைய கார்கள்ல டேஷ்போர்டுன்னா பெயின்ட் அடிச்ச இரும்புத் தகடுதான். நடுவுல பளபளன்னு துருத்திட்டு நிக்கற குமிழ்கள். முன் பல்லு ரெண்டு போச்சு, மேலுதட்டுல தையல். நாய்க்கு ஒண்ணும் ஆகலை. காருக்கும் ஒண்ணும் ஆகலை, ஒரு கீறல் கூட இல்லை.

அப்பா அதுக்கப்புறம் அதைப் பத்தி வீட்டுல பேசினதே கிடையாதாம். பிள்ளைங்களைப் பின் சீட்டுக்கு மாத்தினார், அவ்வளவுதான். அந்த வருஷங்கள்ல இது ஏதோ ஒரு வீட்டுல நடந்த அதிசயமும் இல்லை. வோல்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் மூணு முனை சீட் பெல்ட்டைக் கொண்டு வந்தது 1959-ல். ஆனா அமெரிக்காவில் பெல்ட்டு வேணுமான்னே வாக்குவாதம் ஓடிட்டிருந்தது. 1965-ல் ரால்ஃப் நேடர் கார் கம்பெனிகளைக் கிழிச்சுத் தொங்கவிட்டுப் புத்தகம் எழுதினார். 1966-ல் மட்டும் இந்த நாட்டுச் சாலைகள்ல செத்தவங்க 50 ஆயிரத்துக்கும் மேல. அந்த வருஷம்தான் ஜனாதிபதி ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். 1968-லிருந்து புதுக் கார்னா பெல்ட்டு, மோதினா மடங்கிக்கொடுக்கற ஸ்டீயரிங் கம்பம், ரெண்டு தனி வழியில் ஓடற பிரேக் எண்ணெய் எல்லாம் கட்டாயம் ஆச்சு. 57 பெல் ஏர் இதுக்கெல்லாம் பதினோரு வருஷம் மூத்தது.

சட்டப்படி பார்த்தா பெரியவர் எதையும் மாத்த வேண்டியதே இல்லை. மிச்சிகன்ல வருஷா வருஷம் வண்டியைப் பரிசோதிக்கற வழக்கமே கிடையாது. 1965-க்கு முன்னாடி தயாரான வண்டிக்கு பெல்ட்டு சட்டத்துல விலக்கு. பழைய வண்டிக்கான நம்பர் பிளேட் வாங்கிட்டா கண்காட்சி, ஊர்வலம்னு போகலாம், ஆகஸ்ட் மாசம் முழுக்க சாதாரணமாவே ஓட்டலாம். சர்க்கார் கேட்காததைப் பொண்ணு கேட்டாங்க. ஒரு தாள்ல எழுதியே குடுத்துட்டாங்க. எல்லா சீட்டுக்கும் தோள் பெல்ட்டு. நல்ல பிரேக். நெஞ்சைக் குத்தாத ஸ்டீயரிங். அந்த டேஷ்போர்டு.

அந்தத் தாளை ரெண்டு வாரம் கராஜ் சுவத்துல ஒட்டி வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தார் மனுஷன். வேலை எதுவும் நடக்கலை.

அவருக்கு என்ன கஷ்டம்னு எனக்குப் புரிஞ்சது. பழைய காரை விட்டுப் போன மாதிரியே புதுப்பிக்கறது ஒரு கட்சி. வெளியே பழசு, உள்ளே புதுசுன்னு மாத்தறது இன்னொரு கட்சி, அதுக்கு 'ரெஸ்டோமாட்'னு பேரு. முதல் கட்சிக்காரங்களுக்கு ரெண்டாவது கட்சின்னா கோயில் கருங்கல் தூணுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கற கூட்டம். பெரியவர் பிறவியிலேயே முதல் கட்சி. அதுலயும் இது அப்பா தொட்ட வண்டி. அப்பா கை பட்ட பிரேக் மிதியைக் கழட்டித் தூரப் போடணும்.

"இதே ரெண்டு கதவு வண்டியா இருந்தா யாரும் என்னைத் தொட விட மாட்டாங்க, நானே தொட மாட்டேன்"னு ஒரு நாள் சொன்னார். "நாலு கதவுதானே. யாருக்கும் இது வேண்டாம். அப்ப எங்களுக்கு வேணுங்கற மாதிரி ஆக்கிக்கலாம்."

அதுக்கப்புறம் அவர் தனக்குன்னு ஒரு விதி வச்சுக்கிட்டார். எதையும் வெட்டறது இல்லை. போல்ட்டு போட்டு மாட்டறது மட்டும்தான். எவன் கைக்கு இந்த வண்டி போனாலும், அவன் நினைச்சா ஒரு மாசத்துல 1957-க்குத் திரும்பிப் போக முடியணும்.

பிரேக்கு சுலபமா முடிஞ்சது. முன் சக்கரத்துக்கு டிஸ்க், ரெண்டு அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர். பழைய ஏற்பாட்டில் நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்கேயாவது ஒரு குழாய் ஒழுகினா மிதி நேரா தரைக்குப் போயிடும், கையில் இருக்கறது ஹேண்ட் பிரேக்கும் கடவுளும்தான். இப்போ முன்னாடி போனாலும் பின்னாடி நிக்கும். ஸ்டீயரிங் கம்பமும் அப்படியே. பழசு ஒரே முழு இரும்புத் தண்டு, பல்பெட்டியில் ஆரம்பிச்சு நேரா ஓட்டறவர் நெஞ்சுல முடியும். ஈட்டின்னே வச்சுக்கோங்க. புதுசு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடங்கும். அதோட தலையில் அப்பா பிடிச்ச அதே சக்கரத்தை, ஹாரன் வளையத்தோட, மாட்டிட்டார்.

பெல்ட்டுதான் ஆளைப் படுத்தி எடுத்தது. இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. தோள் பெல்ட்டு மாட்டணும்னா தோளுக்கு மேல உறுதியா ஒரு இடம் வேணும். நாலு பேர் பார்த்து ஜொள்ளு விடற ஹார்ட்டாப் மாடல் இருக்கே, அதுல முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவுல தூணே கிடையாது. கண்ணாடியை இறக்கிட்டா ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் வெட்டவெளி. அழகுதான். ஆனா பெல்ட்டை எங்கே மாட்டறது, காத்துலயா? நம்ம நாலு கதவு செடான்ல நடுவுல தூண் இருக்கு. அந்தத் தூணாலதான் அதை எல்லாரும் 'போஸ்ட்'டுனு ஏளனமா சொல்றது. அந்தத் தூண்லதான் இப்போ பெல்ட்டு.

வெறும் தகரத்துல ஓட்டை போட்டு போல்ட்டு போட்டா மோதலப்போ பிய்ச்சுக்கிட்டு வந்துடும். அதனால உள் பக்கம் தடிமனான எஃகுத் தகடு வச்சு, அதுல நட்டை வெல்டிங் பண்ணி, விசையைப் பரப்பி விடணும். அதாவது ஓட்டை போடணும். அவரோட விதியை அவரே மீறின ஒரே இடம் அது. ட்ரில்லைக் கையில் வச்சுக்கிட்டு அன்னிக்கு அவர் நின்ன நிலையைப் பார்க்கணுமே. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்து, "நீ வெளியே போய் நில்லு"ன்னார். போய் நின்னேன். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் ட்ரில் சத்தம்.

எஞ்சின் கதைக்கு வர்றேன், ஏன்னா அதுல நம்ம பங்கும் இருக்கு. கொட்டகையில் நின்ன ஆறு சிலிண்டர் எஞ்சின், 235 கன அங்குலம், 140 குதிரைத்திறன். அதைச் சரி பண்ணியிருக்கலாம். ஆனா அதோட வால்வு உட்கார்ற இடமெல்லாம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஏற்பாடு. சாலை வண்டிகளுக்கு அந்தப் பெட்ரோலை 1996-லேயே இங்கே தடை பண்ணிட்டாங்க. தவிர, பெரியவருக்கு உள்ளுக்குள்ள ஒரு வி8 ஆசை இருந்ததுன்னு என் சந்தேகம். அப்பா காசு பார்த்து ஆறு சிலிண்டரோட நிறுத்திட்டார். பையன் அப்போ குழந்தை, ஆனா மறக்கலை.

ஷெவர்லேயோட சின்ன வி8 பொறந்தது 1955 மாடலுக்கு. தலைமைப் பொறியாளர் எட் கோல் தலைமையில் செஞ்சது, 265 கன அங்குலம். அந்தப் பரம்பரை எஞ்சின் பத்து கோடியைத் தாண்டிடுச்சுன்னு 2011-ல் கம்பெனி அறிவிச்சாங்க. 1997-ல் அதோட புது அவதாரம் கார்வெட்டில் வந்தது. அப்புறம் அதே குடும்பத்து 5.3 லிட்டர் எஞ்சினை லட்சக்கணக்கான பிக்கப் டிரக்குகள்ல மாட்டினாங்க. இன்னிக்கு அமெரிக்காவில் பழைய காருக்குப் புது எஞ்சின் மாத்தறவங்க பாதிப் பேர் போய் நிக்கறது காயலான் கடையில், அடிபட்ட டிரக்கு வரிசையில். பெரியவரும் அங்கேதான் போனார். 2004 மாடல் டிரக்கு, பின் பக்கம் அப்பளமாயிருந்தது, எஞ்சின் முழுசு. எஞ்சின், நாலு கியர் ஆட்டோமேட்டிக், வயர் கொத்து, கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் சேர்த்து இறக்கிட்டு வந்துட்டார். பழசை விட ரெண்டு மடங்கு குதிரைத்திறன்.

மாட்டி முடிச்சு சாவியைத் திருப்பினா ஒரு செகண்ட் உறுமிட்டு நின்னுடுது. மறுபடி திருப்பினா மறுபடி அதேதான். அச்சுத் தொழிலாளி பாவம், ஸ்பார்க் பாக்கறார், பெட்ரோல் பாக்கறார், எல்லாம் சரியா இருக்கு. அங்கேதான் நம்மாளு (நான்தாங்க) உள்ளே நுழையறேன். வயித்துப்பாட்டுக்குக் கார் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதறவன் நான். அந்தப் பெட்டிக்கு இன்னும் தான் டிரக்குல இருக்கறதா நினைப்பு. டிரக்கோட சாவி எங்கேன்னு தேடுது. சாவியோட சங்கேதம் வரலைன்னா திருடன்னு முடிவு பண்ணிப் பெட்ரோலை நிறுத்திடும். லேப்டாப்பைச் செருகி அந்தத் திருட்டுத் தடுப்பை அணைச்சு, இல்லாத உறுப்புகளைத் தேடாம இருக்கச் சொல்லிக் குடுத்தேன். அடுத்த திருப்புல பிடிச்சது பாருங்க! கராஜ் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெரியவர் என் முதுகுல ஒரு அடி வச்சார், ரெண்டு நாள் வலிச்சது.

57 ஷெவர்லேயில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. வி8 வண்டின்னா பானட்டு மேலயும் டிக்கி மேலயும் பெரிய 'வி' சின்னம் இருக்கும். ஆறு சிலிண்டர்னா அது இருக்காது. பெரியவர் 'வி' மாட்டலை. "அப்பா வாங்கினது ஆறு"ன்னுட்டார். பழைய எஞ்சின் இன்னமும் கராஜ் மூலையில் ஸ்டாண்டு மேல, கம்பளி போர்த்திக்கிட்டு நிக்குது. மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விட்டுக் கையால சுத்தி விடறார். நம்ம வீட்டுல கிழவிக்கு வேளா வேளைக்கு வெந்நீர் வச்சுக் குடுக்கற மாதிரி.

எதை மாத்தலைங்கறதையும் சொல்லணும். கண்ணாடிக்கு மோட்டார் வேண்டாம்னுட்டார், கையால சுத்தறதுதான். ஏசி இல்லை. பெட்ரோல் ஊத்தற மூடி இடது பக்க ரெக்கையில் குரோமியப் பட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். பம்ப்புல புதுப் பசங்க தேடு தேடுன்னு தேடுவாங்க, அந்தச் சந்தோஷத்தை எதுக்கு விடணும்? ரேடியோ அதே பழைய ரேடியோ. அதுக்குள்ளே ப்ளூடூத் வச்சுத் தர்றேன், வெளியே தெரியாதுன்னு நான் சொன்னதுக்கு ஒரு பார்வை பார்த்தார், அத்தோட விட்டுட்டேன். வைப்பர் மட்டும் எலெக்ட்ரிக் ஆச்சு. பழசு எஞ்சின் உறிஞ்சற காத்துல ஓடறது. மேட்டுல ஆக்ஸிலேட்டரை மிதிச்சா அது தூங்கிடும், மழை மட்டும் தூங்காது.

கடைசியா மிச்சம் இருந்தது டேஷ்போர்டு. பொண்ணோட தாள்ல கடைசி வரி. அதுக்குத் திண்டு வச்சு மூடணும். ஆனா அந்தக் காரோட முகமே அதுதான். நீல நிறத் தகடு, அதுல ஸ்பீடோமீட்டர். மூடவும் மனசு இல்லை, விடவும் முடியலை. அப்படியே வருஷம் ஓடிடுச்சு. நடுவுல கொரோனா வேற, 2020-ல் உட்வர்ட் கார் திருவிழாவே நடக்கலை.

2023 வசந்தத்துல தங்கச்சியம்மா வந்தாங்க. எழுபது வயசு. ஒஹையோவுல இருக்காங்க. காரை அவங்க நாற்பது வருஷத்துக்கு மேல பார்த்ததில்லை. எங்க அம்மாவும் அப்போ ஊர்லேர்ந்து வந்து எங்களோட இருந்தாங்க, வேடிக்கை பார்க்க வந்து நின்னுட்டாங்க. "அட, பிளசர்!"னு அம்மா வாயைப் பிளந்தாங்க. எங்க பக்கத்து கிராமங்கள்ல அந்தக் காலத்துல எந்தக் காரா இருந்தாலும் பேரு பிளசர்தான். உல்லாச வண்டிங்கற அர்த்தத்துல வந்த இங்கிலீஷ் சொல்லுன்னு நான் விளக்கினதும் தங்கச்சியம்மா சிரிச்சாங்க. சிரிக்கறப்போ மேலுதட்டுல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு தெரிஞ்சது.

அவங்க கதவைத் திறந்து முன் பெஞ்சுல உட்கார்ந்தாங்க. ஓட்டற இடத்துல இல்லை, நடுவுல. கையால அந்தத் தகட்டைத் தடவினாங்க, ரேடியோ குமிழைத் திருகினாங்க. அண்ணன் பக்கத்துல கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறார். "இதை மூடணும்கறா உன் மருமக. மூடட்டுமா? இல்ல, இப்படியே விடட்டுமா?"ன்னு கேட்டார். எனக்கென்னவோ அவர் அறுபது வருஷமா கேட்க நினைச்சதை ஒரு டேஷ்போர்டை வச்சுக் கேட்ட மாதிரி இருந்தது.

அந்தம்மா சொன்னாங்க: "அப்பா ஒவ்வொரு தடவை இதைத் துடைக்கறப்பவும் என் முகத்தைப் பார்ப்பார். எனக்கு வலிச்சது ஒரு வாரம். அவருக்கு அது போகவே இல்லை. மூடுடா."

மூடினார். மேல் விளிம்புலயும் குழந்தை முகம் படற உயரத்துலயும் நீலத் தோல் போர்த்தின திண்டு. ஸ்பீடோமீட்டர் தெரியும். கம்பெனி செஞ்ச மாதிரியே தையல், அச்சுக்காரர் ஆச்சே. குமிழ்களை எடுத்துட்டுத் தட்டையான ரப்பர் குமிழ் போட்டார். பழைய குமிழ் ரெண்டையும் தங்கச்சி தன்னோட எடுத்துட்டுப் போனாங்க.

பொண்ணு வந்து பார்த்தாங்க, ஒரு இன்ஸ்பெக்டர் கெட்டார். பின் சீட்டுல பேத்தியோட பூஸ்டர் இருக்கையை வச்சு, தோள் பெல்ட்டைப் போட்டு, முழு பலத்தோட இழுத்துப் பார்த்தாங்க. நாலு தடவை. அப்புறம் தாங்களே வண்டியை எடுத்துக்கிட்டு போய், காலியான ரோட்டுல 40-ல் பிரேக் போட்டுப் பார்த்துட்டு வந்தாங்க. நேரா நின்னதாம். ஆனா அவங்க நர்ஸ், ஏமாற மாட்டாங்க. "பக்கவாட்டுல யாராவது இடிச்சா இதுல ஒண்ணும் இல்லை. ஏர்பேக் இல்லை. தலைக்குப் பின்னாடி தாங்க எதுவும் இல்லை. கண்டபடி நசுங்கற கூடுதான் இன்னமும்." பெரியவர் எதையும் மறுக்கலை. ஒப்பந்தம் ஆச்சு: ஃப்ரீவே கிடையாது, 40-க்கு மேல கிடையாது, மழை கிடையாது, இருட்டினப்புறம் கிடையாது. பேத்தி எப்பவும் பின் சீட்டு.

உட்வர்ட் அவென்யூன்னா டெட்ராய்ட்லேர்ந்து போன்டியாக் வரைக்கும் போற ரோடு. 1909-ல் ஒரு மைல் நீளத்துக்கு கான்கிரீட் போட்டுப் பேர் வாங்கின ரோடு. 1995-லிருந்து ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை அங்கே பழைய கார் திருவிழா. ஃபெர்ன்டேல்ல ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட ஆரம்பிச்சது, இப்போ தேர்த் திருவிழாக் கூட்டம். வண்டிங்க நகர்ற வேகத்துக்கு 40 எல்லாம் கனவு, நடந்து போனாலே முந்திடலாம். அதனாலேயே பொண்ணு சம்மதிச்சாங்கன்னு நினைக்கறேன்.

2023 ஆகஸ்ட்ல போனோம். பெரியவர் ஓட்ட, பக்கத்துல நான், பின்னாடி ஆறு வயசுப் பேத்தியும் அவளோட அம்மாவும். ரெண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கற ஜனங்க சிவப்பு கன்வெர்ட்டிபிளுக்கெல்லாம் கை தட்டறாங்க. எங்களைப் பார்த்து ஒரு தாத்தா எழுந்து நின்னு, "எங்க வீட்டுலயும் இதேதான் இருந்தது, நாலு கதவு!"னு கத்தினார். அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் ஒரு பாட்டி. வழி நெடுக இதேதான். சிவப்பு வண்டியைப் பார்த்து யாரும் எங்க வீட்டுல இருந்ததுன்னு சொல்லி நான் கேட்கலை.

பேத்திக்கு வண்டியில் ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா? எட்டு சிலிண்டரும் இல்லை, ரெக்கையும் இல்லை. கண்ணாடியைக் கையால சுத்தி இறக்கறது. இறக்கினா, ஏத்தினா, இறக்கினா, ஏத்தினா. ஃபெர்ன்டேல் தாண்டறதுக்குள்ளே ஐம்பது தடவை இருக்கும். நடுவுல ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வர, பெரியவர் பிரேக்கை அமுக்கினார். அவரோட வலது கை தானா எழும்பி என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து நின்னது. பெல்ட்டு என்னை ஏற்கெனவே பிடிச்சிருந்தது.

இந்தக் குளிர்காலத்துக்கு வேலை இருக்கு. சீட்டுக்குத் தலைத்தாங்கி வைக்கணும்னு பொண்ணு அடுத்த தாள் குடுத்திருக்காங்க. அந்த பெஞ்சு சீட்டோட சட்டத்துல அதை எப்படி நிறுத்தறதுன்னு பெரியவர் அட்டையில் வெட்டி வெட்டிப் பார்த்துக்கிட்டிருக்கார். சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கார், கையில் இடுக்கியோட.